கோல்ஃப் ஸ்விங்கில் கையை நீட்டுவதா, ஒட்டுவதா, உயர்த்துவதா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பதினோராவது குழியின் தொடக்க இடமான டீயில் நான் அடித்த டிரைவ், அதாவது முதல் நீண்ட அடி, வழக்கம்போல வலப்பக்கம் வளைந்து மரங்களுக்குள் போய் விழுந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, அதைச் சுமந்துகொண்டு கூடவே வருகிற கேடி சொன்னார்: "கை மட்டும் தனியா போவுது சார். நெஞ்சு கூட வரலை."

முப்பது வருடமாக மற்றவர்கள் அடிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பவர் அவர். "இடது கையை நேராத்தானே வெச்சிருக்கேன் அண்ணே?" என்றேன்.

"நேராத்தான் சார் இருக்கு. கட்டையாட்டம் இருக்கு."

அதுவரை இரண்டு வருடமாக நான் பிடித்துக்கொண்டிருந்தது ஒரே ஒரு விதியைத்தான்: இடது கை வளையக் கூடாது. முதல் பாடத்திலேயே பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்தது. என்னோடு சேர்ந்து கற்றுக்கொண்ட ஆறு பேருக்கும் அதே விதிதான் சொல்லப்பட்டது. உயரம், வயது, தோளின் இறுக்கம் எதையும் யாரும் பார்க்கவில்லை. அந்தக் கேடி சொன்ன நாளிலிருந்துதான், ஸ்விங்கில், அதாவது மட்டையைப் பின்னே தூக்கிப் பந்தை நோக்கி வீசுகிற அசைவில், கையை எங்கே வைப்பது என்பதற்கு எத்தனை விடைகள் இருக்கின்றன என்று தேட ஆரம்பித்தேன். பெரிய ஆட்டக்காரர்களே ஒருவருக்கொருவர் நேர் எதிராகச் செய்து ஜெயித்திருக்கிறார்கள். அப்படியென்றால், வாரத்துக்கு ஒரு நாள் ஆடுகிற, நாற்பதைத் தாண்டிய தோள்களோடு வருகிற நம்மைப் போன்றவர்கள் யாரைப் பின்பற்றுவது? அதைத்தான் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

இடது, வலது என்று நான் சொல்வதெல்லாம் வலது கை ஆட்டக்காரரை வைத்து. இடது கை ஆட்டக்காரர்கள் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

விறைத்த இடது கை

முதலில் எல்லோருக்கும் தெரிந்த விதி. இடது தோளிலிருந்து கிளப்பின் (கோல்ஃப் மட்டையின்) தலை வரைக்குமான தூரம்தான் ஸ்விங்கின் ஆரம். பந்தின் முன் நிற்கும்போது அந்த நீளத்தை அளந்துதான் நிற்கிறோம். இறங்கி வரும்போது இடது முழங்கை மடங்கி நீளம் ஒரு அங்குலம் குறைந்தாலும் கிளப் பந்தின் தலையில் தட்டும். பந்து தரையோடு உருண்டு ஓடும். கை நீண்டிருந்தால் வட்டமும் பெரிதாகும், பந்தும் தூரம் போகும். இந்தக் கணக்கில் தப்பே இல்லை.

தப்பு, அந்த நீளத்தைத் தசையால் பிடித்துவைக்க முயல்வதில் இருக்கிறது. கவண் சுழற்றியிருப்பவர்களுக்குத் தெரியும். கயிற்றை யாரும் விறைப்பாக்குவதில்லை. கல் சுழல்கிற வேகத்தில் கயிறு தானாக நீண்டு விறைக்கும். கிளப்பின் தலை வெளியே இழுக்கிற இழுப்பே பந்தைத் தொடுகிற நேரத்துக்குள் இடது கையை நீட்டிவிடும். முன்கூட்டியே தசையை இறுக்கினால் என்ன ஆகும்? முன்கை இறுகும், மணிக்கட்டு மடங்காது, தோள் பாதித் திருப்பத்திலேயே நின்றுபோகும். கிளப்பை இன்னும் மேலே கொண்டுபோக வேண்டும் என்பதற்காகக் கை தனியாக எழும். கடைசியில், எந்த முழங்கை மடங்கக் கூடாது என்று அவ்வளவு பாடுபட்டோமோ அது மேலே போய் மடங்கிவிடும்.

விறைத்த கை இல்லாவிட்டால் நல்ல கோல்ஃபே இல்லை என்று நம்புகிறவர்கள் வரலாற்றைக் கொஞ்சம் பார்க்கலாம். ஹாரி வார்டன் 1896-க்கும் 1914-க்கும் இடையில் ஆறு முறை பிரிட்டிஷ் ஓபனை வென்றவர். கிளப்பைப் பின்னே தூக்குகிற பேக்ஸ்விங்கின் உச்சியில் அவருடைய இடது முழங்கை நன்றாகவே மடங்கியிருந்தது. எட் ஃபர்கோலுக்குச் சிறு வயதில் இடது முழங்கை உடைந்து, கை நிரந்தரமாகவே வளைந்துபோனது. அந்தக் கையோடு 1954-இல் பால்டஸ்ரால் மைதானத்தில் யு.எஸ். ஓபனை வென்றார்.

எனக்கு ரொம்பப் பிடித்தவர் கால்வின் பீட். சிறுவனாக மரத்திலிருந்து விழுந்து இடது முழங்கை உடைந்தது. அதற்குப் பிறகு அந்தக் கையை அவரால் முழுதாக நீட்டவே முடியவில்லை. கோல்ஃப் கிளப்பைத் தொட்டதே இருபது வயதைத் தாண்டிய பிறகு. ஆனால் 1981-இலிருந்து தொடர்ந்து பத்து ஆண்டுகள், புல்லைக் குட்டையாக வெட்டிய நடுப்பாதையான ஃபேர்வேயில் பந்தைப் போடுகிற துல்லியத்தில், அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரான பிஜிஏ டூரில் முதலிடம் அவருக்குத்தான். 12 பட்டங்கள், அதில் 1985-இன் பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப்பும் ஒன்று.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம், கையை இஷ்டத்துக்கு மடக்கலாம் என்பதல்ல. பீட்டின் முழங்கை வளைந்திருந்தது, ஆனால் ஆரம்பம் முதல் கடைசி வரை ஏறக்குறைய அதே அளவு வளைந்திருந்தது. நீளம் மாறவில்லை. நம்மைக் கவிழ்ப்பது வளைவு இல்லை, வளைந்து நீண்டு மறுபடி வளைகிற மாற்றம்தான். நிற்கும்போதே கொஞ்சம் தளர்ந்த கையோடு நின்று, அதே தளர்ச்சியோடு அடித்தால் பந்து சுத்தமாகப் படும்.

இந்த விறைப்பு விதி எனக்குக் கொடுத்த கூலியையும் சொல்லிவிடுகிறேன். இடது முழங்கையின் வெளிப்புறத்தில் வலி. காலையில் காபி டம்ளரைத் தூக்கும்போது சுருக்கென்று குத்தும். ஈரத்துண்டைப் பிழிய முடியாது. கோல்ஃப் ஆடுகிறவர்களுக்கு இடது முழங்கையின் வெளிப்புறத்தில் வருகிற இந்த வலி ரொம்பச் சாதாரணம். டென்னிஸ் எல்போ என்று பெயர் இருந்தாலும் நம்மையும் விடுவதில்லை. நாலு மாதம் கிளப்பைத் தொடாமல் இருந்தேன். அதனால், இந்த வழியைப் பற்றி என் தீர்ப்பு தெளிவானது: "நீளமாக வை" என்று வேண்டுமானால் நினைத்துக்கொள்ளுங்கள், "நேராக வை" என்ற கட்டளையை விட்டுவிடுங்கள்.

மார்போடு ஒட்டிய கை

பென் ஹோகனின் வழி இது. 1949-இல் அவர் கார் மீது பேருந்து மோதி, மறுபடி நடப்பாரா என்ற நிலைக்குப் போய், அடுத்த ஆண்டே மெரியன் மைதானத்தில் யு.எஸ். ஓபனை வென்ற மனிதர். 1953-இல் ஒரே ஆண்டில் மாஸ்டர்ஸ், யு.எஸ். ஓபன், பிரிட்டிஷ் ஓபன் மூன்றையும் வென்றார். 1957-இல் வெளிவந்த அவருடைய பாடங்களில் ஒரு படம் உண்டு. இரண்டு முன்கைகளையும் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கயிற்றால் சேர்த்துக் கட்டிவைத்த மாதிரி இருக்கும். இரண்டு கையும் ஒரே கருவியாக வேலை செய்ய வேண்டும் என்பது கருத்து. முழங்கைகள் வெளியே இளித்துக்கொண்டு நிற்கக் கூடாது. இடது முழங்கை இடது இடுப்பெலும்பைப் பார்க்க வேண்டும், வலது முழங்கை வலது இடுப்பெலும்பைப் பார்க்க வேண்டும். முழங்கையின் உள்பக்கக் குழி வானத்தைப் பார்த்தால் இது தானாக அமையும். இப்போதே எழுந்து நின்று செய்து பாருங்கள். உள்ளங்கைகளைச் சேர்த்துக்கொண்டு முழங்கைக் குழிகளை மேலே திருப்பினால், இரண்டு மேல்கைகளும் மார்பின் பக்கவாட்டில் வந்து அமர்வது தெரியும்.

அந்த அமர்வுதான் விஷயம். மேல்கை மார்பின் மேல் அமர்ந்திருந்தால், மார்பு திரும்பினால் ஒழியக் கை நகராது. கேடி அண்ணன் சொன்ன "நெஞ்சு கூட வரலை" என்ற நோய்க்கு நேரடி மருந்து இதுதான்.

எவ்வளவு இறுக்கம் என்று கேட்பார்கள். காலையில் செய்தித்தாளை அக்குளில் இடுக்கிக்கொண்டு டீக்கடைக்குப் போகிறவரைப் பாருங்கள். தாள் கசங்குவதில்லை, கீழே விழுவதுமில்லை. அவர் அதைப் பற்றி நினைப்பதுகூட இல்லை. அந்த அளவு போதும்.

இதைப் பழக ஒரு கைத்துண்டு போதும். மார்பின் குறுக்கே போட்டு, இரண்டு அக்குளிலும் அதன் முனைகளை இடுக்கிக்கொண்டு, குட்டைக் கிளப்புகளான 9-அயர்னாலோ வெட்ஜாலோ இடுப்பு உயரத்துக்கு இடுப்பு உயரம் அடித்துப் பழக வேண்டும். துண்டு எப்போது விழுகிறது என்பதைப் பார்த்தால் நோயும் தெரிந்துவிடும். பின்னே போகும்போதே விழுந்தால், மார்பு திரும்பாமல் கை தூக்கியிருக்கிறது. பந்தை அடித்த பிறகு இடப்பக்கம் விழுந்தால், மார்பு நின்றுபோய்க் கையை மட்டும் வீசியிருக்கிறோம். எனக்கு முதல் நாள் இருபது பந்துக்குப் பதினேழு முறை விழுந்தது, பெரும்பாலும் அடித்த பிறகு. ஒவ்வொரு முறையும் குனிந்து எடுத்து எடுத்து முதுகு வலித்தது. மூன்றாவது வாரத்தில் ஒரு பந்து, துண்டு அசையாமல், வெட்ஜின் நடுவில் பட்டுப் போனது. அந்தச் சத்தமே வேறு. இதுவரை நான் அடித்ததெல்லாம் தகர டப்பா மாதிரி, இது கதவை மெதுவாகச் சாத்துகிற மாதிரி இருந்தது.

முழு ஸ்விங்குக்கு இரண்டு அக்குளிலும் துண்டை வைத்துக்கொண்டு அடிக்கிறவர்களைப் பார்க்கிறேன். வேண்டாம். கிளப் உச்சிக்குப் போகும்போது வலது அக்குள் கொஞ்சம் திறக்கத்தான் வேண்டும். அதை மூடிவைத்தால் கிளப் முதுகுக்குப் பின்னால் போய் மாட்டிக்கொள்ளும். முழு ஸ்விங்கில் இடது அக்குள் மட்டும் ஒட்டியிருந்தால் போதும்.

இந்த வழிக்கு ஒரு விலை உண்டு. கையை மார்பு ஓட்ட வேண்டுமென்றால் மார்பு திரும்ப வேண்டும். முதுகு இறுகிப்போனவர்கள் கையை ஒட்டவைத்துக்கொண்டு பாதிதான் திரும்புவார்கள். கீழே வரும்போது இடுப்பு முந்திக்கொள்ளும், கை பின்னால் தங்கிவிடும். பந்து நேராக வலப்பக்கம் தள்ளிப் போகும், இல்லையென்றால் மணிக்கட்டால் அவசரமாகத் திருப்பி இடப்பக்கம் வளைந்து ஹுக் ஆகும்.

இன்னொன்றும் ரொம்ப முக்கியம். ஹோகனுக்கு இளமையில் இருந்த வியாதி ஹுக். பந்து இடப்பக்கம் வளைந்து ஓடுவதைத் தடுப்பதற்காக அவர் தனக்கென்று செய்துகொண்ட மருந்துகள்தான் இடது கை கிரிப்பை (கிளப்பைப் பிடிக்கிற விதத்தை) பலவீனமாக்கியது, அதாவது கையை இலக்கின் பக்கம் கொஞ்சம் திருப்பிப் பிடித்தது, உச்சியில் இடது மணிக்கட்டைப் பின்னே குழித்தது எல்லாம். நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு வியாதி ஸ்லைஸ், அதாவது பந்து வலப்பக்கம் வளைவது. ஹுக்குக்கான மருந்தை ஸ்லைஸ் அடிக்கிறவர் சாப்பிட்டால் பந்து இன்னும் அதிகமாக வலப்பக்கம் போகும். ஹோகனிடமிருந்து முழங்கைகளை எடுத்துக்கொள்ளுங்கள், கிரிப்பை அவரிடமே விட்டுவிடுங்கள். இதைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் அவர் ஸ்விங்கை அப்படியே நகலெடுத்து வீணானவர்கள் நிறையப் பேர்.

உயர்ந்த கை, பறக்கும் முழங்கை

ஜாக் நிக்லாஸ் இதற்கு நேர் எதிர். அவருடைய கை உச்சியில் காதுக்கும் மேலே போகும். வலது முழங்கை உடலை விட்டு விலகி வெளியே நிற்கும். பறக்கும் முழங்கை என்று அதற்குப் பெயரே வைத்து, அவர் இளைஞராக இருந்தபோது குறை சொன்னார்கள். 1962 யு.எஸ். ஓபனில் தொடங்கி 1986-இல் 46 வயதில் வென்ற மாஸ்டர்ஸ் வரை 18 மேஜர் (கோல்ஃபின் நான்கு பெரிய போட்டிகள்) பட்டங்கள் வந்த பிறகு அந்தக் குறையைச் சொல்ல ஆளில்லை.

பத்து வயதிலிருந்து ஜாக் கிரவுட் என்ற ஆசிரியரிடம் படித்தவர் அவர். தோளை முழுதாகத் திருப்பு, வட்டத்தைப் பெரிதாக்கு, ஓங்கி அடி, நேராக்குவதைப் பிறகு பார்க்கலாம் என்பதே அந்தப் பள்ளியின் வழி. கை உயரமாகப் போனால் கிளப் செங்குத்தாக இறங்கும்; பந்து உயரமாகப் பறந்து, இறங்கியதும் சட்டென்று நிற்கும். 1972 யு.எஸ். ஓபனில் பெபிள் பீச்சின் 17-ஆவது குழியில், கடற்காற்றுக்கு எதிராக அவர் அடித்த 1-அயர்ன் பந்து கொடிக்கம்பத்தில் பட்டுப் பக்கத்திலேயே நின்றது. 1-அயர்ன் என்பது நம்மில் பலர் கையில்கூட எடுக்கப் பயப்படுகிற கிளப்.

மழைக்குப் பிறகு தழைத்துக் கிடக்கிற புல்லிலிருந்து பந்தை எடுக்க வேண்டுமானால் இந்தச் செங்குத்து இறக்கம் பெரிய உதவி. தட்டையாக வருகிற கிளப்பைப் புல் இடையிலேயே பிடித்துக்கொள்ளும்.

ஆனால் பறக்கும் முழங்கை பறந்த இடத்திலேயே இருந்துவிடாது என்பதைப் படத்தில் பார்க்கிறவர்கள் கவனிப்பதில்லை. நிக்லாஸின் வலது முழங்கை, கிளப் கீழே இறங்கத் தொடங்கியதும் விலாவுக்குத் திரும்பிவிடும். குளத்தங்கரையில் ஓட்டாஞ்சில்லைத் தண்ணீரின் மேல் தத்தித் தத்திப் போகும்படி வீசுவோமே, அப்போது முழங்கை முதலில் முன்னே வரும், கை பின்னால் வரும், கடைசியில்தான் விரல் சில்லை விடும். அதே வரிசைதான் இங்கேயும். முழங்கை திரும்பி வராமல், வலது தோள் முதலில் முன்னே பாய்ந்தால் கிளப் வெளியிலிருந்து உள்ளே குறுக்காக வெட்டும். அதோடு, பந்தில் படுகிற பக்கமான கிளப் முகமும் வலப்பக்கம் பார்த்துத் திறந்திருந்தால் அதுதான் ஸ்லைஸ். அதாவது, ஸ்லைஸ் அடிக்கிறவர் நிக்லாஸைப் பார்த்துக் கையை உயர்த்தினால், வெளியே பாய்வதற்கு இன்னும் அதிக இடம் கொடுக்கிறார்.

கால நேரம் கூடி வந்தால் இது அழகான வழி. வாரத்தில் மூன்று நாள் பந்து அடிக்க முடிகிறவர்களுக்கும், தோள் சுலபமாக மேலே போகிற இளைஞர்களுக்கும், எப்போதும் ஹுக் ஆகி அவதிப்படுகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். எனக்கு இது ஒத்துவரவில்லை. ஒரு மாதம் முயன்றேன். நன்றாகப் பட்ட நாளில் என் 7-அயர்ன் எப்போதும் போகாத உயரத்துக்குப் போனது. மற்ற நாட்களில் தரையைத் தோண்டினேன்.

முக்கால் ஸ்விங்

மேலே சொன்ன மூன்றும் கையை எப்படிக் கொண்டுபோவது என்பதைப் பற்றியவை. ஜான் ராம் கேட்கிற கேள்வி வேறு: எவ்வளவு தூரம் கொண்டுபோவது?

ஸ்பெயின்காரரான ராம் பிறக்கும்போதே வலது பாதம் உள்பக்கமாக மடங்கியிருந்தது. அறுவை சிகிச்சை செய்து நிமிர்த்தினார்கள். ஆனால் அந்தக் கணுக்கால் மற்றவர்களுடையதைப் போல அசையாது, கால் நீளமும் கொஞ்சம் குறைவு. அவ்வளவு நீளமாகத் திரும்பினால் நிலை தவறும் என்பதால்தான் தன் பேக்ஸ்விங் இப்படிக் குட்டையாக இருக்கிறது என்று அவரே விளக்கியிருக்கிறார். கை தோள் உயரத்தைக்கூடச் சரியாகத் தாண்டாது. அந்த ஸ்விங்கில் 2021 யு.எஸ். ஓபனும் 2023 மாஸ்டர்ஸும் வந்தன. தூரத்துக்கும் குறைவில்லை.

இதைப் பற்றி நீளமாக எழுதத் தேவையில்லை. உடல் எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவுதான் கை போக வேண்டும் என்பதே முழு விஷயம். ஆனால் இதைப் படித்தபோதுதான் எனக்கு மற்றதெல்லாம் ஒன்றுசேர்ந்தது. விறைத்த கைக்காரர், ஒட்டிய கைக்காரர், உயர்ந்த கைக்காரர் எல்லோருக்கும் ஸ்விங் கெடுவது ஒரே இடத்தில்: மார்பு நின்ற பிறகும் கை போகிற அந்தக் கடைசி ஒரு சாணில். இடது முழங்கை மடங்குவதும் அங்கேதான், வலது முழங்கை கட்டுப்பாடில்லாமல் பறப்பதும் அங்கேதான். அந்த ஒரு சாணை வெட்டிவிட்டால் பாதி வியாதி போய்விடும். தூரம் குறையுமே என்று பயப்படுவீர்கள். எனக்கு 7-அயர்னில் ஐந்து கெஜம்கூடக் குறையவில்லை. முன்பு போனதில் பாதி மரத்துக்குள் போன தூரம், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கையையும் கிளப்பையும் ஒரே கோட்டில் நீட்டி நிற்கிற மோ நார்மனின் வழியும் இருக்கிறது. கனடாக்காரர், பந்தை நேராக அடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பார்கள். இன்று பிரைசன் டிஷாம்போ அதற்கு நெருக்கமாக ஆடுகிறார், எல்லா அயர்னும் ஒரே நீளத்தில் வைத்துக்கொண்டு. 2020-லும் 2024-லும் யு.எஸ். ஓபனை வென்றார். ஆனால் இதற்கு நிற்பது, பிடிப்பது, சில சமயம் கிளப் செட்டு வரை எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். புதிதாக ஆரம்பிக்கிறவர் யோசிக்கலாம். பத்து வருடம் ஆடியவர் பாதியில் இதற்கு மாறுவதை நான் சொல்லமாட்டேன்.

கிரிக்கெட் ஆடியவர்களுக்குத் தனியாக

நம்மூர்களில் கோல்ஃபுக்கு வருகிற பெரும்பாலோர் கிரிக்கெட் மட்டையைப் பிடித்து வளர்ந்தவர்கள். சின்ன வயதில் "இடது முழங்கையைத் தூக்குடா" என்று திட்டு வாங்கியவர்கள். நேராக டிரைவ் ஆட அது சரியான பாடம். இடது முழங்கை பந்து வீசுகிறவரை நோக்கி உயர்ந்தால் மட்டையின் முகம் கடைசி வரை நேராக இருக்கும், முன்கை சுழலாது.

கோல்ஃபில் அதே பழக்கம் எமன். பந்தை அடித்த பிறகு இடது முழங்கை இலக்கை நோக்கி மேலே போனால், கோழி இறக்கை விரிந்த மாதிரி இருக்கும். கிளப் முகம் திறந்தே போகும், பந்து வலப்பக்கம் வழுக்கும். இங்கே அடித்த பிறகு இடது முழங்கை தரையைப் பார்த்து மடங்க வேண்டும், வலது முன்கை இடது முன்கையின் மேல் ஏறிச் சுழல வேண்டும். லீ வெஸ்ட்வுட்டும் ஜோர்டன் ஸ்பீத்தும் இடது முழங்கையை மடக்கிக்கொண்டே பந்தை அடிக்கிறார்கள்தான். ஒருவர் 2010-இல் உலக முதலிடத்துக்குப் போனார், மற்றவர் மூன்று மேஜர் வென்றார். அவர்கள் மார்பு பந்தைக் கடந்து நிற்காமல் திரும்பிக்கொண்டே போகிறது, அதுதான் காப்பாற்றுகிறது. நம் மார்பு நின்றுவிடுகிறது.

கிரிக்கெட் பின்னணி உள்ளவர்கள் நேராக இரண்டாவது வழிக்கு, அதாவது துண்டுக்குப் போங்கள். முழங்கைக் குழி வானத்தைப் பார்க்க ஆரம்பித்தால், தோளிலிருந்து தூக்குகிற பழக்கம் மெல்ல விடும்.

எதை எடுப்பது?

முடிவெடுக்கும் முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கால்களை ஒட்டி வைத்துக்கொண்டு, தோள்களின் மேல் ஒரு குச்சியைக் குறுக்கே பிடித்து இரண்டு பக்கமும் திரும்பிப் பாருங்கள். முழங்கால் அசையக் கூடாது. சதுரத் தரை ஓட்டின் மூலைக்கோடு 45 டிகிரி. குச்சி அதைச் சுலபமாகத் தாண்டினால் உங்கள் முதுகு எந்த வழிக்கும் இடம் கொடுக்கும். மூலைக்கோட்டைத் தொடவே கஷ்டமாக இருந்தால், எந்த வழியை எடுத்தாலும் முக்கால் ஸ்விங்கோடு சேர்த்தே எடுங்கள். நான் வலப்பக்கம் தொட்டேன், இடப்பக்கம் தொடவில்லை.

அடுத்தது பந்து எந்தப் பக்கம் போகிறது. ஒரே ஒரு நாள் நினைவை வைத்துச் சொல்லாதீர்கள். பயிற்சிக்குப் போகும்போது 30 பந்து அடித்து, வலது, இடது, நேர் என்று ஒரு தாளில் கோடு போடுங்கள். கிளப் முகத்தில் கொஞ்சம் டால்கம் பவுடர் தூவிக்கொண்டால் பந்து பட்ட இடமும் தெரியும். கைப்பிடித் தண்டு சேருகிற குதிகால் பக்கமே தடம் விழுந்துகொண்டிருந்தால், கை உடலை விட்டு வெளியே தள்ளிப் போகிறது என்று அர்த்தம். மிக நீளமான கிளப்பான என் டிரைவரில் முதல் நாள் இருந்த தடமெல்லாம் அந்தப் பக்கம்தான், ஏதோ ஓரமாக ஒதுங்கி நின்ற மாதிரி வரிசையாக.

ஸ்லைஸ் அதிகம், தடம் குதிகாலில், வாரத்துக்கு ஒரு நாள் பயிற்சி என்றால், ஒட்டிய கையையும் முக்கால் ஸ்விங்கையும் சேர்த்து எடுங்கள். தயங்காமல் சொல்வேன், நானும் அதைத்தான் எடுத்தேன். ஹுக் அதிகம், முதுகு நன்றாகத் திரும்புகிறது, நேரமும் இருக்கிறது என்றால் உயர்ந்த கை உங்களுக்கு. ஸ்லைஸும் இல்லை ஹுக்கும் இல்லை, ஆனால் பந்தின் தலையில் தட்டுகிறீர்கள் என்றால் வழியை மாற்ற வேண்டாம். கிரிப்பின் இறுக்கத்தைக் குறைத்து, நிற்கும்போதே இடது முழங்கையைச் சற்றுத் தளர்த்திவிட்டு அடித்துப் பாருங்கள். முழங்கையில் ஏற்கெனவே வலி இருக்கிறவர்கள் முதலில் மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ பாருங்கள். வலியோடு துண்டுப் பயிற்சி செய்து தேறியவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

கையைக் கொண்டுபோகிற முதல் மூன்று வழிகளில் இரண்டைக் கலக்காதீர்கள் என்று மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்வேன். செவ்வாய்க்கிழமை ஒரு வீடியோவில் ஹோகன், வெள்ளிக்கிழமை இன்னொன்றில் நிக்லாஸ் என்று பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஆடினால், கைக்கு எந்தச் சொல்லைக் கேட்பது என்று தெரியாது. மூன்று மாதம் ஒன்றையே பிடியுங்கள். முதல் மாதம் மோசமாகத்தான் இருக்கும். கோல்ஃபில் ஸ்கோர் குறைந்தால்தான் நல்லது; எனக்கோ ஆறு ஸ்ட்ரோக் கூடியது. ஐந்தாவது வாரத்துக்குப் பிறகுதான் இறங்கத் தொடங்கியது.

கிளப்பின் நீளத்தையும் மறக்க வேண்டாம். வெட்ஜ் சுமார் 35 அங்குலம், டிரைவர் சுமார் 45. நீளம் கூடக் கூட நாம் பந்தை விட்டுத் தள்ளி நிற்கிறோம், அதனால் கையின் பாதை தானாகவே தட்டையாகும். வெட்ஜில் சரியாக இருக்கிற கையை டிரைவரில் அதே கோணத்தில் கொண்டுபோக முயல வேண்டாம். மார்போடு சேர்ந்து வருகிறதா என்பதை மட்டும் பாருங்கள்.

முதல் மூன்று வாரம் டிரைவரைப் பையிலிருந்தே எடுக்காதீர்கள். வெட்ஜும் 9-அயர்னும் போதும், இடுப்பு உயரம், துண்டோடு. நாலாவது வாரம் துண்டை எடுத்துவிட்டு 7-அயர்ன், முக்கால் ஸ்விங். டிரைவரை எடுக்கிற நாளில், முதல் பத்துப் பந்துக்கு மறக்காமல் பவுடர் தூவிக்கொள்ளுங்கள்; தடம் குதிகாலை விட்டு நடுவுக்கு வரத் தொடங்கியிருந்தால் முழு ஸ்விங்குக்குப் போகலாம், இல்லையென்றால் இன்னும் ஒரு வாரம் துண்டு.